வார்ப்பிரும்பில் ஒரு செவ்வாய்க்கிழமை

பழைய கை இயந்திரம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எந்த வருஷத்துது?" என்றுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் எடுப்பேன். அது என்ன வேலை செய்தது, எந்தப் பாகம் அதனோடு பிறந்தது, எது பின்னால் வந்து சேர்ந்தது என்பதெல்லாம் தெளிந்த பிறகு வருஷம் தானாக நெருங்கி வரும். முதலிலேயே வருஷத்தைத் தேடிப் போனால், எங்கோ பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டு அதையே பிறந்த தேதி என்று நம்பிவிடுவோம்.

என்னிடம் இருப்பதை வைத்தே சொல்கிறேன். மரத்தாலான அடிச்சட்டம், நீளமானது. அதன் ஒரு முனையில் இரண்டு மரக்கால்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே மேலும் கீழும் சறுக்குகிற ஒரு இரும்புக் கூடு. கூட்டின் இரு பக்கமும் கைப்பிடிகள். ஒன்று மேலே நின்றால் மற்றது கீழே நிற்கும். சுற்றினால், சாய்வாகப் பல் வெட்டிய இரண்டு சக்கரங்கள் அந்தச் சுழற்சியை அப்படியே செங்குத்தாகத் திருப்பி, கீழே தொங்கும் ஆகர் பிட்டுக்கு, அதாவது மரத்தைக் குடையும் திருகு முனைக்கு, கொடுக்கின்றன. ஒரு காலின் ஓரத்தில் நேர்ப்பற்கள் வரிசையாக ஓடுகின்றன. துளை முடிந்ததும் ஒரு சின்ன நெம்பியைத் தள்ளினால், அதே கைப்பிடிச் சுழற்சி இந்தப் பற்களில் ஏறி பிட்டை மரத்திலிருந்து வெளியே தூக்கிவிடும். ஒரே அசைவில் இரண்டு வேலை. இதைக் கண்டுபிடித்தவரை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இதற்குப் பெயர் போரிங் மெஷின். அமெரிக்காவில் பெரிய உத்தரங்களைப் பொருத்தி வீடும் களஞ்சியமும் கட்டிய தச்சர்கள் வைத்திருந்தது. ஒரு உத்தரத்தின் முனையில் முளை செதுக்கி, இன்னொன்றில் அதற்கான பள்ளம் பறித்து, இரண்டையும் கோர்த்து மர ஆணி அடிப்பார்கள். பள்ளம் பறிக்க முதலில் வரிசையாகத் துளைகள் போட்டுக்கொண்டு, மிச்சத்தை உளியால் செதுக்கி எடுப்பார்கள். துளை போட வேண்டிய உத்தரத்தின் மேல் இந்த இயந்திரத்தை வைத்து, தச்சர் அதன் அடிச்சட்டத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் சுற்றுவார். உடல் எடையே இயந்திரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும். என்னுடையதில் அடிச்சட்டத்தின் பின்பகுதி மட்டும் மழுமழுவென்று தேய்ந்திருக்கிறது. விளிம்பு இரண்டும் உருண்டுவிட்டன. கால்களின் அருகே அறுத்த கூர்மை அப்படியே நிற்கிறது. தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே ஆள் எங்கே உட்கார்ந்தார், எந்தக் கை அதிகம் இழுத்தது என்பது தெரிந்துவிடும்.

வேலையைக் கண்டுபிடிப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கைப்பிடியும் பல்சக்கரமும் இருந்தாலே மர வேலை இயந்திரம் ஆகிவிடாது. மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரத்துக்கும் கைப்பிடி உண்டு. தோல் சீவும் இயந்திரத்துக்கும் உண்டு. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை வளைக்கும் உருளைகளுக்கும் உண்டு. நீள நெம்புகோலும் இரண்டு பெரிய சாய்வுக் கத்திகளும் கொண்ட மூலைச்சீவி ஒன்று இருக்கிறது. படச்சட்டத்தின் முனைகளைத் துல்லியமான கோணத்தில் சீவுவதற்கானது. முதல் பார்வையில் காகிதம் வெட்டும் இயந்திரம் என்றே பலர் நினைப்பார்கள். ஆனால் காகிதக் கத்தி மேலிருந்து இறங்கும். இதன் கத்திகள் படுக்கைவாட்டில் சறுக்கும். சந்தேகம் வந்தால் கத்தியின் சாய்வைப் பாருங்கள், அது எதை நோக்கி நகர்கிறது என்று பாருங்கள், பொருளைத் தாங்கும் இடத்தில் என்ன அடைந்திருக்கிறது என்று ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். பல்சக்கரத்தின் அடியில் கிரீஸோடு இறுகிப்போன மரத்தூள் கிடைத்தால், எந்தப் பெயர்த்தகட்டையும்விட நல்ல சாட்சி அதுதான்.

அதனால்தான் கம்பித் தூரிகையோடு பாய்கிறவர்களைப் பார்த்தால் மனசு கிடந்து பதறுகிறது. மணல் பீய்ச்சி அடித்துப் பளபளவென்று புது பெயின்ட் பூசிய இயந்திரத்திடம் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது. பெயின்ட் அடுக்குகள், ஓரக்கோடுகள், தேய்ந்த எழுத்தின் கடைசி நிழல் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். முதலில் படம் எடுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் துருவாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழுந்து நிற்கும். மெல்லிய தாளை வைத்து மேலே பென்சிலால் தேய்த்தும் எடுக்கலாம். இதெல்லாம் முடிந்த பிறகு துரு நீக்கலாம், அவசரமே இல்லை.

எழுத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலை, அதாவது மணலில் பதித்து வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மர மாதிரி செய்யும் வேலை, பார்த்த ஒரு அண்ணன். வார்ப்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "இந்த எழுத்தெல்லாம் தனியாச் செஞ்சு மர பேட்டர்ன் மேல பொருத்தினது தம்பி. பேட்டர்ன் இருக்கிறவரைக்கும் எழுத்தும் அப்படியே வந்துக்கிட்டே இருக்கும்" என்றார். "அப்போ இந்த நம்பர் வருஷம் இல்லையாண்ணே?" என்று கேட்டேன். "பேட்டர்ன் நம்பர். எந்த பாகம், எந்த அளவுன்னு ஃபவுண்டரிக்காரனுக்குத் தெரியணும்ல." ஓர் எழுத்தும் ஓரிரு இலக்கமும் சேர்ந்து தனித்தனிப் பாகங்களில் வெவ்வேறாக வந்தால் அது பேட்டர்ன் எண் என்று அன்றைக்குப் பிடிபட்டது.

அவரே இன்னொன்றும் சொன்னார். வார்ப்பிரும்பு உருகிய நிலையிலிருந்து ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஓர் அடிக்கு எட்டில் ஒரு அங்குலம். பேட்டர்ன் செய்கிறவர்கள் அதற்காகவே சற்று நீட்டிய அளவுகோலை வைத்திருப்பார்கள். உடைந்துபோன பாகத்தை யாராவது பின்னாளில் இன்னொரு இயந்திரத்தின் பாகத்தையே அச்சாக வைத்து வார்த்திருந்தால், புதியது அந்த ஒரு பங்கு சிறுத்திருக்கும். ஜோடியாக வரவேண்டிய இரண்டு கைப்பிடிக் கரங்களை அளந்து, ஒன்று மட்டும் இப்படிக் குட்டையாக இருந்தால், அது பிறகு வந்தது என்று சந்தேகப்படலாம்.

இனி பேட்டன்ட் (காப்புரிமை) தேதி. அமெரிக்க இயந்திரங்களில் பெரும் குழப்பம் தருவதும் பெரும் உதவி செய்வதும் இதுதான். 1927 வரை அந்த நாட்டுச் சட்டம் பொருளின்மேல் பேட்டன்ட் வழங்கிய தேதியைப் பொறிக்கச் சொன்னது. 1927இல் அது மாறி, எண்ணைப் பொறிக்கச் சொன்னது. ஆகவே தேதி மட்டும் இருந்தால் அந்த மாற்றத்துக்கு முந்திய பேட்டர்ன் என்று ஊகிக்கலாம். எண் இருந்தால் இன்னும் வசதி: பத்து லட்சமாவது பேட்டன்ட் 1911இல் வந்தது, இருபது லட்சமாவது 1935இல். அந்த இரண்டு மைல்கல்லுக்கு நடுவே எண் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே ஏகதேசமாக ஆண்டு தெரியும்.

ஆனால் தேதி எதைச் சொல்கிறது? "இதற்கு முன்னால் இல்லை" என்பதை மட்டும். 1861க்குப் பிறகு வழங்கிய பேட்டன்டுக்கு ஆயுள் 17 ஆண்டாக இருந்தது, 1995இல்தான் அது மாறியது. அந்த 17 ஆண்டும் முடிந்த பிறகுகூட பேட்டர்னில் எழுத்து இருந்ததால் வார்ப்பில் வந்துகொண்டே இருந்தது உண்டு. பல தேதிகள் பொறித்திருந்தால் கடைசித் தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். முதல் தேதியைக் காட்டி விலை ஏற்றுகிறவர்களிடம் இதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் இங்கேதான் இருக்கிறது. 1840களின் இறுதியிலிருந்து அமெரிக்க பேட்டன்ட்கள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படுகின்றன. கையால் சுற்றித் துளை போடும் பிரேஸ் ஒன்றில், பிட்டைப் பிடிக்கும் சக்கின்மேல் "மே 24, 186" வரைக்கும் தெரிந்தது. கடைசி இலக்கம் தேய்ந்து போயிருந்தது. 1860களின் பத்து ஆண்டுகளையும் காலண்டரில் பார்த்தேன். மே 24 செவ்வாயாக வந்தது 1864இல் மட்டும்தான். அந்தத் தேதியில் தேடினால் வில்லியம் பார்பரின் சக் பேட்டன்ட் கையில் வந்து நிற்கிறது. தாடைகள் இரண்டும் ஒரு கூட்டுக்குள் இறுகும் அந்த அமைப்பு மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனத்தின் பிரேஸ்களுக்கு அடித்தளமாகி, அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்து தயாரானது. தேய்ந்துபோன ஓர் இலக்கத்தைக் கிழமை மீட்டுக் கொடுத்தது. ஆனாலும் அந்த பிரேஸ் 1864இல் செய்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டையும் சேர்த்தே மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற நாட்டு முத்திரைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களுக்கு வைரச் சதுர முத்திரை. அதன் மூலைகளில் நாள், மாதம், ஆண்டுக்கான குறியெழுத்துகள். 1867 வரை ஆண்டெழுத்து உச்சியில், 1868 முதல் வலப்பக்கம். 1884இலிருந்து முத்திரை போய் வரிசை எண் வந்தது. பிரிட்டிஷ் பேட்டன்ட் எண்கள் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கின. 1916இல்தான் 100001 என்று தொடங்கித் தொடர் எண்ணாயின. அதனால் ஆண்டு இல்லாத சின்ன எண்ணைப் பார்த்தால் அவசரப்பட வேண்டாம். ஜெர்மன் இயந்திரத்தில் "டி.ஆர்.பி." (ஜெர்மன் பேரரசின் பேட்டன்ட்) இருந்தால் 1877க்குப் பின், "டி.ஆர்.ஜி.எம்." (பயன்பாட்டு வடிவப் பதிவு) இருந்தால் 1891க்குப் பின். அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதியும் 1891இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நிறுவனப் பெயரும் பேசும், அது மாறிய தேதி தெரிந்தால். "ஜே. ஏ. ஃபே அண்ட் ஈகன்" என்று இருந்தால் 1893க்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த ஆண்டில்தான் ஃபே, ஈகன் என்ற இரண்டு நிறுவனங்களும் ஒன்றாயின. கருவிகள் செய்த குடெல்-பிராட் நிறுவனம் 1931இல் மில்லர்ஸ் ஃபால்ஸுக்குள் போனது. இலினாய் மாநில ராக்ஃபோர்டின் பார்ன்ஸ் நிறுவனம் கையாலும் காலாலும் ஓட்டும் ரம்பங்களுக்குப் பேர்போனது. நீராவி எஞ்சின் வைக்க வசதியில்லாத சின்னப் பட்டறைகளை நம்பியே அவர்கள் இயந்திரம் செய்தார்கள். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டு விற்றதும் உண்டு. வார்ப்பில் இருக்கும் பெயர் செய்தவர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பெயரே இல்லாவிட்டால்? என்னுடைய போரிங் மெஷினில் பெயர் இல்லை. ஒரு பேட்டர்ன் எண் மட்டும். அப்போதுதான் போல்டில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் மரைகளிடம் போனேன்.

1841இல் ஜோசப் விட்வொர்த் பிரிட்டனில் எல்லோருக்கும் பொதுவான மரை அளவை முன்வைத்தார். அதன் கோணம் 55 டிகிரி, மரையின் தலை உருண்டிருக்கும். 1864இல் வில்லியம் செல்லர்ஸ் அமெரிக்காவுக்காக வேறொன்றைச் சொன்னார்: 60 டிகிரி, தலை தட்டை. இந்தக் கோண வித்தியாசத்தைத் துருப்பிடித்த போல்டில் கண்ணால் பிடிப்பது கடினம். அதைவிட எளிய வழி அரை அங்குல போல்ட். கால் அங்குலத்தில் இரண்டு முறையிலும் அங்குலத்துக்கு 20 மரை, ஒரு அங்குலத்தில் இரண்டிலும் 8. அரை அங்குலத்தில் மட்டும் பிரிட்டனுக்கு 12, அமெரிக்காவுக்கு 13. ஒரு அங்குல நீளத்தை அளந்து, நகத்தால் ஒவ்வொரு மரையாகத் தொட்டு எண்ணினால் போதும். கால்களை அடிச்சட்டத்தோடு பிடிக்கும் நான்கு போல்ட்களிலும் 13 வந்தது. அமெரிக்கக் கடற்படை செல்லர்ஸ் முறையை 1868இல் ஏற்றது. அதன்பிறகு அது மெல்ல மெல்லப் பட்டறைகளுக்குள் பரவியது. ஆகவே 1860களின் இறுதிக்கு முன்னால் என் இயந்திரத்தைத் தள்ள எனக்கு நியாயமில்லை.

அந்தப் பொது அளவுகள் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு போல்டின் நட்டு இன்னொன்றில் ஏறாது. அதனால் போல்டின் தலையிலும் நட்டிலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி குத்தியோ அரத்தால் கீறியோ ஜோடியை அடையாளப்படுத்தினார்கள். கழற்றும்போது சதுர நட்டின் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல் தெரிந்தால் அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். அது எந்த போல்டுக்குச் சொந்தம் என்று ஒரு மனிதர் கைப்பட எழுதிவைத்த குறிப்பு.

ஸ்குருவும் சொல்லும். மரத்தில் ஏறும் ஸ்குருவுக்குக் கூர்முனை பரவலாக வந்தது 1846இல் தாமஸ் ஸ்லோன் வாங்கிய பேட்டன்டுக்குப் பிறகு. அதற்கு முந்தியவை மொட்டை முனை. தலையில் சிலுவைப் பள்ளம் இருந்தால் அது 1930களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. பழைய இயந்திரத்தில் அப்படி ஒன்று இருந்தால், யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிக்கல் பூச்சு 1870களுக்குப் பிறகு சாதாரணமானது, குரோமியப் பூச்சு 1920களின் நடுப்பகுதிக்குப் பிறகு. பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த பிடி என்றால் 1909க்குப் பின். இவற்றில் எதையும் தனியாக நம்பக் கூடாது.

பல்சக்கரத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. பற்கள் கரடுமுரடாக, வார்த்தபடியே இருந்தால் "ரொம்பப் பழசு" என்று சொல்லிவிடுகிறார்கள். கையால் மெதுவாகச் சுற்றும் இயந்திரத்துக்கு வார்த்த பல்லே போதும். இயந்திரத்தில் வெட்டிய பல் வீண் செலவு. அதனால் வெட்டிய பற்கள் சர்வசாதாரணமான காலத்திலும் இந்த வகை இயந்திரங்களில் வார்த்த பற்கள் நீடித்தன. கரடுமுரடு வயதைக் காட்டாது. விலையையும் வேகத்தையும் காட்டும்.

என் இயந்திரத்தில் தொங்கிய பிட்டில் ரசல் ஜென்னிங்ஸ் பெயர் இருந்தது. அவருடைய ஆகர் பேட்டன்ட் 1855. பார்த்தவுடன் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பிட் என்பது தேயும், உடையும், கடன் போகும். இயந்திரத்திலேயே அதிகம் மாறுகிற பாகம் அதுதான். வயதைக் கணிக்கும்போது பிட்டை ஓரமாக வைத்துவிட்டு, கழற்ற முடியாத பாகங்களையும் கழற்ற யாரும் மெனக்கெடாத பாகங்களையும் மட்டும் பார்க்கிறேன். அவற்றில் ஆக இளையது எதுவோ, அதைவிட இயந்திரம் மூத்ததாக இருக்க முடியாது.

மேல் எல்லைதான், அதாவது இதற்குப் பிந்தியதல்ல என்று சொல்லும் ஆண்டுதான், சிரமம். 1830களில் சிகாகோ பக்கம் தொடங்கிய மெல்லிய மரச்சட்ட வீடுகள் ஆணியை நம்பியவை. அவை பரவப் பரவ, பெரிய உத்தரத்தில் பள்ளம் பறிக்கும் வேலை சுருங்கியது. ஆனாலும் களஞ்சியங்களுக்கும் பாலங்களுக்கும் அந்த வேலை நீண்ட நாள் இருந்தது. கையில் பிடிக்கும் துப்பாக்கி வடிவ மின்துளைப்பானுக்கு பிளாக் அண்ட் டெக்கர் பேட்டன்ட் வாங்கியது 1917இல். அன்றைக்கே போரிங் மெஷின் செத்துவிடவில்லை. மின்சாரம் எட்டாத இடங்களில் இது தொடர்ந்து சுழன்றது. பழைய விற்பனைப் பட்டியல்களில் ஒரு மாதிரி முதலில் எப்போது வருகிறது, கடைசியாக எப்போது வருகிறது என்று பார்த்தால் எல்லை இறுகும். அங்கேயும் படத்தை நம்பாமல் விவரத்தைப் படியுங்கள். ஒரே மரச்செதுக்குப் படத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிட்டிருப்பார்கள், இயந்திரம் இடையில் மாறியிருக்கும்.

அடிச்சட்டத்தின் அடியில் ஓர் அட்டை கட்டியிருக்கிறேன். அதில் எழுதியிருப்பது இது: "உத்தரம் துளைக்கும் கை போரிங் மெஷின். அமெரிக்கா. செய்தவர் பெயர் இல்லை. சுமார் 1870 முதல் 1920 வரை. ஆதாரம்: அரை அங்குல போல்டில் 13 மரை, சதுர நட்டுகள், கூர்முனை ஸ்குருக்கள், கறுப்பு வார்னிஷின் மேல் சிவப்புக் கோட்டின் மிச்சம். பிட் பிறகு வந்ததாக இருக்கலாம். இடது கைப்பிடியின் மரம் மாற்றப்பட்டது." ஐம்பது ஆண்டு இடைவெளி பெரிதுதான். இதே நெம்பி அமைப்புக்கான பேட்டன்ட் வரைபடம் கிடைத்தால் கீழ் எல்லை மேலே ஏறும். அதனால் 1870 என்ற எண்ணைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.